பதினோரு கடிதம் போட்டேன், ஒரு பதில்கூட இல்லை

கேள்வி: கடிகாரக்காரன்

கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். கடையைச் சாத்திய பிறகு எழுதுவது பழக்கம். நாலு கட்டுரையாவது அச்சில் வர வேண்டும், சன்மானமும் வர வேண்டும் என்ற ஆசையில் இரண்டு மாதங்களில் பதினோரு இதழ்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "கிடைத்தது" என்றுகூட எவரும் சொல்லவில்லை. அனுப்பியது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, சிறு வயது முதலே எழுத்தில் தீராத ஆர்வம் கொண்டவன். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் எழுதுவேன். தங்கள் மேலான இதழில் ஒரு வாய்ப்பு நல்க வேண்டுகிறேன்."

இதில் மரியாதைக் குறைவு ஏதும் இருக்கிறதா? இன்னொன்று, நல்ல யோசனை ஒன்று கைவசம் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் வேறு ஆளை வைத்து எழுதிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்

மரியாதை தாராளமாக இருக்கிறது; சரக்குதான் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இருபது ஆண்டுகள் இந்த மாதிரிக் கடிதங்களைப் பிரித்தவன் நான். "எந்தத் தலைப்பு கொடுத்தாலும்" என்று படித்ததுமே, உங்களுக்குத் தலைப்பு யோசிக்கும் வேலை என் தலையில் விழுகிறது. இதழ் முடிக்கிற நாளில் அதை யார் சுமப்பார்கள்? மூடிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவேன்.

கடிகாரக்காரர் என்பதைப் பதினோரு பேரிடமும் மறைத்துவிட்டீர்களே! உங்கள் கைமுதலே அதுதான். மூடியைத் திறந்ததும் எங்கள் கண்ணுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரிகிறது? அதைச் சொல்லுங்கள். அந்த இதழின் ஐந்தாறு பழைய பிரதிகளைப் புரட்டி, எந்தப் பகுதிக்குப் பொருந்தும், அங்கே எத்தனை சொற்கள் எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தப் பகுதியைக் கவனிப்பவருக்கே எழுதுங்கள்.

பதில்: முழுநேரமாக எழுதிப் பிழைப்பவள்

ஐயா சொன்னதோடு ஒன்று. என்ன எழுதப்போகிறோம் என்று சொல்லும் முன்மொழிவுக் கடிதம் வேண்டாம், முழுக் கட்டுரையே அனுப்புங்கள் என்கிற இதழ்களும் உண்டு. விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

பயத்தைப் பற்றி: பதிப்புரிமை எழுத்துக்குத்தான், யோசனைக்கு இல்லை. பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், எழுதிய எழுத்துக்குப் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. யோசனைக்கு அந்தக் காவல் கிடையாது. என்னுடையது ஒருமுறை பறிபோயிருக்கிறது. ஆனால் அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய யோசனை; உங்கள் மேசையில் கண்டதை உங்களைத் தவிர யார் எழுத முடியும்?

நான் நிஜமாகவே ஏமாந்தது வேறு இடத்தில். முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, என் கட்டுரையை என் தொகுப்பிலேயே சேர்க்க முடியாமல் நின்றேன். முதல் வெளியீட்டு உரிமை மட்டுமா, சன்மானம் எவ்வளவு, எப்போது, எழுதச் சொல்லிவிட்டு வெளியிடாவிட்டால் ஏதாவது தருவார்களா என்பதையெல்லாம் எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் போடலாம், தப்பில்லை.

கடிகாரக்காரன்

இருவருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் தெரியும். முன்பு பழுது பார்த்தவர்கள் தங்களுக்காக இட்ட குறியும் தேதியும் அவை. உரிமையாளர்களே பார்த்திராதவை. அண்மையில் என் மேசைக்கு வந்த மூன்று கடிகாரங்களின் குறிகளை வைத்து, உங்கள் 'தொழில்' பகுதிக்கு 900 சொற்களில் எழுத விரும்புகிறேன். நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடுகிறேன்."

ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்

கடைசி வரியை வெட்டுங்கள். மற்றதில் கை வைக்காதீர்கள். அந்தக் குறிகளைப் படம் எடுத்திருப்பீர்களே, அதை ஏன் சொல்லவில்லை?

கடிகாரக்காரன்

எடுக்கவே தோன்றவில்லை ஐயா. இரண்டு கடிகாரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்று இன்னும் மேசையில் இருக்கிறது. உரியவரிடம் கேட்டுவிட்டு, நாளைக் காலை அதன் மூடியைப் போடுவதற்குள் படம் எடுத்துவிடுகிறேன்.