புதுப்பிப்பு: ஏஎல்டி 412, வைரஸ் நெகட்டிவ். காரணம் தெரிந்துவிட்டது

மார்ச்சில் கேட்டிருந்தேன்: மது தொட்டதில்லை, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ், ஆனாலும் ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரொம்ப அதிகமாக 412, என்னவாக இருக்கும் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

“ஐஜிஜி அளவும் ஏஎன்ஏ, எஸ்எம்ஏ ஆன்டிபாடிகளும் பாருங்கள்” என்று ஒரு அக்கா சொன்னதுதான் கை கொடுத்தது. (ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதம்; மற்ற இரண்டும் நம் உடலின் செல்களையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள்.) ஐஜிஜி 2,640 (உச்ச வரம்பு 1,600). எஸ்எம்ஏ பாசிட்டிவ். அடுத்து பயாப்ஸி, அதாவது கல்லீரலிலிருந்து ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிப்பது. அதற்குத்தான் ரொம்பப் பயந்தேன். விலா இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம், முடிந்தது. அப்புறம் சில மணி நேரம் வலப்பக்கமாகப் படுத்திருந்தேன். முடிவு: ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். அதாவது, நம் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிறது.

முதலில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி., இரண்டு வாரம் கழித்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரின் 50 மி.கி. அதைத் தொடங்கும் முன் என்யுடிடி15 மரபணுச் சோதனை செய்தார்கள். அதில் மாறுபாடு இருப்பவர்களுக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எனக்கு இல்லை.

எதிர்பாராதது சர்க்கரை. மூன்றாவது வாரம் 240! ஸ்டீராய்டு குறையக் குறைய அதுவும் இறங்கியது. வீட்டில் அரைத்துத் தந்த கீழாநெல்லியையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இப்போது ஏஎல்டி 36. ஆனாலும் மாத்திரை வருடக்கணக்கில் தொடரும். நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும் என்றார், பிரெட்னிசோலோனைத் திடீரென்று விடவே கூடாதாம்.