‘கேஸ் இல்லை’ என்று மூன்று முறை

தேக்கா மாடி அறை:

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே, பழைய கடைவீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே பூக்கடை. என் அறையில் இருப்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி ஏர்கான் இல்லை. சுவரில் சதுரமாக ஓட்டை போட்டு ஒரே பெட்டியாகச் செருகியது. முன்பாதி அறைக்குள், பின்பாதி வெளியே வெயிலில். எத்தனை வருஷப் பெட்டி என்று வீட்டுக்காரருக்கே ஞாபகமில்லை.

ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் ஜில்லென்றுதான் ஆரம்பிக்கும். இரண்டு மணி வாக்கில் காற்று குறைந்து சத்தம் மட்டும் மிஞ்சும். மூன்று மணிக்குத் தலையணையில் சொட்டு விழும். ஒருநாள் முன்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வரிவரியாக இருக்கிற அலுமினியத் தகடு பூராவும் வெள்ளையாக ஐஸ்.

ஆளைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்தார், கையை வைத்துப் பார்த்தார், "கேஸ் இல்லை தம்பி" என்றார். குளிரவைக்கிற வாயு குறைந்துவிட்டதாம். ஏற்றியதற்கு 80 வெள்ளி (டாலர்). போகும்போது ஃபில்டரையும் கழுவிப் போட்டுவிட்டுப் போனார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. மறுபடி ஐஸ், மறுபடி "கேஸ் இல்லை". இப்படியே மூன்று தடவை, 240 வெள்ளி. இந்த மாதிரிப் பெட்டியோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கதையைச் சொல்லுங்களேன்.

யீஷூன் அம்மா:

தம்பி, எங்கள் வீட்டில் இருப்பது சுவரில் மாட்டும் வகைதான், ஆனால் கதை கிட்டத்தட்ட இதே கதை. ஹாலில் டிவிக்கு மேலேயே சொட்டும். வந்தவர் கெமிக்கல் வாஷ், அதாவது ரசாயனம் போட்டு உள்ளே கழுவுவது, செய்தால்தான் ஆகும் என்றார். அதையும் செய்தோம், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அங்கிள்தான் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அதன் முனை பின்கட்டுக் கழிவறையில் இருந்தது. ஒரு சொட்டுகூட வரவில்லை, காய்ந்து கிடந்தது. ஏர்கான் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் எங்கே போகும்? டிவி மேல்தான்.

ஈரத்தையும் உறிஞ்சுகிற வேக்குவம் ஒன்று அவரிடம் இருந்தது. குழாய் முனையில் ஈரத்துணி சுற்றி அதை வைத்து இழுத்தார். முதலில் வெறும் சத்தம்தான். அப்புறம் 'பொளக்' என்று அகார்-அகார் ஜெல்லி மாதிரி ஒன்று வந்தது, பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு. நாற்றம் சொல்லி மாளாது. அன்றோடு சொட்டு நின்றது. அங்கிளுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன், அவ்வளவுதான் செலவு.

செங்காங் மாமா:

நான் சொல்வது இந்த ஊர்க் கதை இல்லை. போன குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கேயும் சுவரைத் துளைத்துச் செருகிய பெட்டிதான், ஆனால் ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி. கோடையில் குளிர், குளிர்காலத்தில் சூடு, இரண்டும் ஒரே பெட்டி. முதல் ராத்திரி சூட்டுக்குத் திருப்பினேன், கருகல் வாடை. பதறிப்போய் அணைத்துவிட்டேன். மகள் சிரிக்கிறாள்: மாதக்கணக்கில் அந்தக் கம்பிச் சுருளில் படிந்த தூசிதான் எரிகிறதாம், சற்று நேரத்தில் போய்விடுமாம். போய்விட்டது. (போகாமல் புகை வந்தால் அது வேறு விஷயம், உடனே அணைக்க வேண்டும்.)

அடுத்தது விசித்திரம். பெட்டி ஓடும், இரண்டு நிமிஷத்தில் நிற்கும், மறுபடி ஓடும். அறை என்னவோ ஃப்ரிட்ஜ் மாதிரி கிடக்கிறது. காரணம் என் மனைவி. குளிருக்குப் பயந்து தரைவரை தொங்கும் கனத்த திரையை இழுத்து மூடிவிட்டாள். பெட்டியிலிருந்து மேலே வந்த சூடான காற்று திரையில் முட்டித் திரும்பி அதே பெட்டிக்குள் போனது. அதற்கு அறையே சூடாகிவிட்டது என்று நினைப்பு. திரையைப் பெட்டியின் மேல்விளிம்போடு தூக்கிக் கட்டியதும் சரியாகிவிட்டது. தம்பி, உங்கள் பெட்டிக்கு முன்னால் திரை, அலமாரி ஏதாவது இருக்கிறதா?

ஸ்பேனர் கை:

நான் 14 வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். தேக்கா தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. கேஸ் ஏற்றியவர் பெட்டியைச் சுவரிலிருந்து வெளியே இழுத்தாரா?

தேக்கா மாடி அறை:

இல்லை அண்ணே. முன்மூடியை மட்டும்தான் திறந்தார். சின்ன சிலிண்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

ஸ்பேனர் கை:

அப்படியானால் 240 வெள்ளியும் ஃபில்டர் கழுவிய கூலிதான். இந்த வகைப் பெட்டியை கேஸ் அடைத்து, சீல் வைத்துத்தான் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டாக மாட்டும் ஸ்பிளிட்டில் இருப்பது போல கேஸ் ஏற்றும் வாய் இதில் பெரும்பாலும் கிடையாது. ஏற்றியே ஆகவேண்டும் என்றால் பெட்டியை வெளியே எடுத்து, கம்ப்ரெசர் பக்கம் போகும் செப்புக்குழாயில் தனியாக வால்வு பொருத்த வேண்டும். முன்மூடி வழியாக அதைத் தொடவே முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். கேஸ் என்பது மோட்டார் சைக்கிள் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஏற்றிவிட்டுப் போகிறவர் மறுபடி வரத்தான் போகிறார். ஏற்றுகிற கேஸும் அந்த இயந்திரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் சிங்கப்பூரில் புவிவெப்பமாக்கும் திறன் 750-க்கு மேல் உள்ள கேஸ் போட்ட புது வீட்டு ஏர்கானை விற்பனைக்கு விட முடியாது. முன்பு பரவலாக இருந்த ஆர்-410ஏ கேஸின் எண் 2,088, ஆர்-32 கேஸின் எண் 675. அதனால் இப்போது வருவது பெரும்பாலும் ஆர்-32. உங்கள் பெட்டி அதற்கு ரொம்ப முந்தியது. வேனில் இருப்பதை எடுத்து ஏற்றுகிறேன் என்றால் விடாதீர்கள்.

கேஸ் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும், காற்றோட்டம் அடைபட்டாலும் ஐஸ் பிடிக்கும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஃபில்டர் கழுவியதும் மூன்று வாரம் நன்றாக ஓடியது என்றால் உங்களுடையது காற்று. அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றுவீர்களா? தூசியோடு அந்தப் புகையும் சேர்ந்தால் ஃபில்டர் பிசினாகிவிடும். அதோடு 18 டிகிரியில் வைத்து விடியவிடிய ஓட்டினால் கேட்கவே வேண்டாம். ஐஸ் பார்த்தால் குளிரை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் சுரண்டிக் குழாயையே கிழித்துவிட்டார்கள், அப்புறம் நிஜமாகவே கேஸ் இல்லை.

தண்ணீர் உள்ளே சொட்டுவது தனி விஷயம். பெட்டி வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். முன்தட்டில் சேரும் தண்ணீர் பின்பக்கம் ஓடி, அங்கே சுற்றும் ஃபேனின் வளையம் அதை வாரிச் சூடான தகட்டின்மேல் அடிக்கும். சளசள என்று கேட்கிறதே, அது கோளாறு இல்லை, பெட்டி தன்னைத்தானே குளிப்பாட்டிக்கொள்கிறது. சரிவு மாறினால் தண்ணீர் உங்கள் தலையணைக்கு வரும். சரிவைப் பாருங்கள், ஆனால் பெட்டியை நீங்களே இழுக்காதீர்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும், கீழே ஆட்கள் நடக்கிறார்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வேறு இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

தேக்கா மாடி அறை:

பார்த்துவிட்டேன். கையில் மட்டம் பார்க்கும் கருவி இல்லை. குடித்து மிச்சம் வைத்த கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) கிளாஸைப் பெட்டியின் தலையில் வைத்தேன். கறுப்புக் கோடு என் பக்கம் அரை விரல் உயரமாக நின்றது, அதாவது பெட்டி உள்பக்கம் சரிந்திருக்கிறது. அடியில் முட்டுக்கொடுத்திருந்த மரக்கட்டையை விரலால் அழுத்தினால் ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்குகிறது. சொட்டுத் தண்ணீரில் ஊறி ஊறி உளுத்துப்போயிருக்கிறது. ஊதுபத்தி விஷயமும் சரி, பூக்கடை அக்கா கீழே காலை மாலை சாம்பிராணி போடுவார்.

வீட்டுக்காரரிடம் கோப்பி கிளாஸ் படத்தைக் காட்டினேன். முனகிக்கொண்டே வேறு ஆட்கள் இரண்டு பேரை அனுப்பினார். பெட்டியை இழுத்து, உள்ளே கழுவி, முன்தட்டிலிருந்து பின்னால் போகும் கால்வாயில் அடைத்திருந்த சேற்றை எடுத்து, கட்டைக்குப் பதில் இரும்புத் தாங்கி வைத்தார்கள். கேஸ் ஏற்றவே இல்லை. ஃபில்டரை இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை நானே கழுவுகிறேன், 25-இல் வைத்துத் தூங்குகிறேன். ஐஸும் இல்லை, தலையணையும் காய்ந்து கிடக்கிறது.

யீஷூன் அம்மா:

240 வெள்ளியைத் திருப்பிக் கேட்டீர்களா?

தேக்கா மாடி அறை:

போன் எடுத்தால்தானே அக்கா.

ஒரு புதுப் பிரச்சினை வேறு. முன்பு உள்ளே சொட்டியதில் ஒரு பங்கு இப்போது ஒழுங்காகப் பின்பக்கம் போய், ஐந்தடிப்பாதையில் (கடைகளை ஒட்டிய நடைபாதை) பூக்கடை வாசலில் விழுகிறது. நேற்று அக்கா மேலே ஏறி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பூமேல் தெளிக்க ஆகாது தம்பி, சாமிக்குப் போகிற பூ என்றார். ஆனால் காலையில் வாசல் கழுவ ஆகும் என்று நீல வாளி ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டார். விடிந்தால் பாதி வாளி நிறைந்திருக்கிறதாம்.

ஸ்பேனர் கை:

பின்னால் வடிகால் துளை இருக்கும், ஒரு டியூப் மாட்டி இறக்கிவிடுங்கள். இல்லை, அக்காவுக்கு வாளித் தண்ணீர்தான் வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள்.