மடையிலிருந்து 240 டிகிரி, 60 தப்படி: பனையைக் காணோம்!

மேலமடை:

மணிமுத்தாறு அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தையும் அதை ஒட்டிய குளத்துக்கரையையும் சேர்த்து ஒரு நடைபாதை. அதில் மூன்று லெட்டர்பாக்ஸ் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தபால்பெட்டி இல்லை, குறிப்பைப் படித்துத் தேட வேண்டிய, முத்திரையும் நோட்டும் உள்ள விளையாட்டுப் பெட்டி. இரண்டு கிடைத்து, முத்திரையும் பதித்தாகிவிட்டது. மூன்றாவது தண்ணி காட்டுகிறது. குறிப்பு அப்படியே கீழே (240, 310 எல்லாம் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணும் டிகிரி):

"பெரிய மடையின் ஷட்டர் கம்பியடியில் நில். 240 பார்த்து 60 தப்படி. காய்க்காத பனை. அதற்கு முதுகு காட்டி 310-ல் 35 தப்படி. மூன்று பாறை கூடும் இடம். நடுப்பாறையின் வடக்குக் காலடியில், தனியே கிடக்கும் கல்லை விலக்கு."

கையில் இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பேஸ்பிளேட் காம்பஸ் (தட்டையான பிளாஸ்டிக் தகட்டில் பதித்தது) ஒன்று, ஆண்ட்ராய்டு போன் ஒன்று. ஷட்டரடியில் இரண்டுக்கும் 12 டிகிரி வித்தியாசம். 60 தப்படியில் பனையே இல்லை, உடைமரப் புதர்தான். வலது கைப்பக்கம் தள்ளி நாலைந்து பனை நிற்கிறது. வைத்தவர் துபாயில் இருக்கிறார். கேட்டால் சிரிக்கிற பொம்மை மட்டும் வருகிறது.

இன்னொன்று. வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள்ளும் பாதையை நீட்டி ரெண்டு பெட்டி வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. வைக்கலாமா?

ஊசிமுனை:

முதல் சந்தேகம் ஷட்டர் மேலதான் அண்ணாச்சி. திருகுக் கம்பி இரும்பு, சட்டம் இரும்பு, கட்டைச் சுவருக்குள்ளயும் கம்பி. அதுக்கு ஒரு முழம் தள்ளி காம்பஸைப் பிடிச்சா ஊசி வடக்கை விட்டுட்டு ஷட்டர் பக்கம் சாயும். 12 டிகிரி பிசகுக்கு அதுவே தாராளம். போன் சரியா, காம்பஸ் சரியான்னு அந்த இடத்துல நின்னு தீர்மானிக்கவே முடியாது. ரெண்டுமே தப்பா இருக்கலாம்.

தலைகீழா செய்யுங்க. அந்த நாலஞ்சு பனையில ஒவ்வொண்ணாப் போய், மரத்தை ஒட்டி நின்னு, ஷட்டர் கம்பியைத் திரும்பிப் பாருங்க. போன திசை 240-ன்னா திரும்புற திசை 60. பனையடியில இரும்பு கிடையாது, அங்க வர்ற எண்ணை நம்பலாம். ஆனா வச்சவரும் ஷட்டரடியில நின்னே அளந்திருந்தா, அவரோட 240-லயே பிசகு ஏறியிருக்கும். அதனால 60-ன்னு ஒத்தக்கால்ல நிக்காம, 48-லிருந்து 72 வரைக்கும் காட்டுற பனை எல்லாத்தையும் பட்டியல்ல வைங்க. 240-ஐப் பார்த்து நிக்கிறவனுக்கு வலது பக்கம்னா எண் கூடும், திரும்பிப் பார்த்தா 60-க்கு மேல வரும். உங்க பனை அந்தப் பக்கம்தான் இருக்கும்னு தோணுது.

காம்பஸ் விஷயம் தனி. நம்ம ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல கிடக்கு. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்துல ஆய்வுக்கூடம் வச்சிருக்கது அதுக்குத்தான். 1963-ல ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்ததும் அதே காரணம். இங்க காந்தப்புலம் கிட்டத்தட்ட தரைக்குச் சமமா ஓடுது. ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம் அது ஊசியோட வடமுனையைக் கீழ இழுக்கும். அதைச் சமன் செய்ய அந்த ஊர்க் காம்பஸ்ல தென்முனைக்குக் கொஞ்சம் எடை கூட்டி விடுவாங்க. இங்க இழுவை இல்லை, எடை மட்டும் மிச்சம். தென்முனை தாழ்ந்து அடித்தட்டுல உரசும், ஊசி பாதி வழியில நின்னுடும். காம்பஸைக் கொஞ்சம் சாய்ச்சு, ஊசி தட்டுல படாம மிதக்குற நிலையில பிடிச்சு, விரலால தட்டிட்டு, ஆட்டம் அடங்கினதும் படிங்க. புதுசா வாங்குறதா இருந்தா எல்லா மண்டலத்துக்கும் பொதுவான ஊசி உள்ளதாக் கேட்டு வாங்குங்க.

போனுக்கு ஒரே வைத்தியம்தான். காந்தப் பூட்டு வச்ச கவரைக் கழட்டிட்டு, காத்துல எட்டு போடுற மாதிரி நாலு தடவை சுத்துங்க. உண்மை வடக்கு (வரைபடத்துல உள்ளது), காந்த வடக்கு (ஊசி காட்டுறது) வித்தியாசம் இங்க ஒண்ணு ரெண்டு டிகிரிதான், விட்டுடலாம். அமெரிக்காவோட வடகிழக்கு மாநிலக் குறிப்பைப் பின்பற்றுறவங்க விட முடியாது, அங்க பத்துக்கு மேல போகும்.

ஒத்தையடி:

மேலே சொன்னது திசை. தூரத்திலும் ஓட்டை இருக்கிறது. தப்படி என்று மட்டும் எழுதினால் அது ஒரு எட்டா, இரண்டு எட்டா? இடது கால் விழுந்து மறுபடி இடது கால் விழும் வரை ஒரு தப்படி என்று எண்ணுகிறவர்களும் உண்டு, ஒவ்வொரு எட்டையும் எண்ணுகிறவர்களும் உண்டு. சராசரி ஆளுக்கு ஒரு எட்டு முக்கால் மீட்டர். 60 தப்படி 45 மீட்டராகவும் இருக்கலாம், 90 மீட்டராகவும் இருக்கலாம். 12 டிகிரி பிசகு 45 மீட்டரில் ஒன்பதரை மீட்டர் பக்கவாட்டில் தள்ளும், 90 மீட்டரில் 19 மீட்டர். நீங்கள் புதரில் போய் முட்டியதற்கு இந்தக் கணக்கே போதும்.

வைத்தவரின் கணக்கைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே கிடைத்த இரண்டு பெட்டிகள் போதும். அவற்றின் குறிப்பில் உள்ள தப்படியை டேப் பிடித்து மீட்டராக அளந்து பாருங்கள். ஒரு தப்படிக்கு முக்கால் மீட்டர் வந்தால் ஒற்றை எட்டு, ஒன்றரை வந்தால் இரட்டை. உங்கள் நடையையும் அளக்க வேண்டும். 100 மீட்டரைச் சமதரையில் ஒருமுறை, கரைச்சரிவில் ஒருமுறை எண்ணுங்கள். ஏற்றத்திலும் மணலிலும் எட்டு குறுகும்.

காய்க்காத பனை என்றால் ஆண்பனை, அலகுப்பனை. நுங்குக் காலத்தில் யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். மற்ற நாளில் மரத்தடியைப் பாருங்கள். பெண்பனையின் கீழே பழைய பனங்கொட்டை, காய்ந்த மட்டையோடு காய்க்காம்பும் கிடக்கும். ஆண்பனையின் கீழே விரல் தடிமனில் நீளமான பாளைக்கதிர்கள் உதிர்ந்து கிடக்கும். தோட்டக்காரரிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் காட்டிவிடுவார், ஆனால் அது ஆட்டத்தில் சேராது.

அடுத்த வரியில் "முதுகு காட்டி" என்பதைக் கவனியுங்கள். 35-ஐ மரத்தண்டிலிருந்தே எண்ண வேண்டும் என்று அர்த்தம். மரத்தைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் ஒரு எட்டு அப்போதே போய்விடும்.

குறிப்பு எந்த மாதம் எழுதியது என்றும் கேளுங்கள். ஆனி ஆடியில் காய்ந்த உள்வாய் வழியாக நடந்து அளந்தது, கார்த்திகையில் மறுகால் பாயும்போது தண்ணீருக்குள் இருக்கும்.

வேலியடி:

காட்டுக்குள் வைக்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது.

அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை. 1988-ல் வந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-ம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அங்கே குப்பை போடுவதற்கும் அதே பிரிவில் தடை. உங்களுக்கு முத்திரைப் பெட்டி, வனக்காவலருக்குப் பிளாஸ்டிக் டப்பா. சட்டத்தை விடுங்கள், யானையும் கரடியும் நடமாடுகிற இடத்தில் ஆட்களைப் பாதையை விட்டு இறக்கிப் புதரைக் கிளறச் சொல்வது முறையா?

காட்டுப் பாதையில் ஆசை விடவில்லை என்றால் பெட்டியில்லாமல் செய்யுங்கள். அனுமதி உள்ள பொதுப்பாதையில், பாதையை விட்டு இறங்காமல் பார்க்கக்கூடியவற்றை எண்ண வைக்கலாம்: பாலத்தின் தூண் எத்தனை, மைல்கல்லில் என்ன எண். விடை மூன்று இலக்கம். முத்திரை தோட்டத்துப் பம்புசெட் அறையில், எண்பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கட்டும்.

இந்த விளையாட்டு பிறந்த இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்திலும் கட்டுப்பாடு உண்டு. 1854-ல் கிரான்மியர் குளத்தடியில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வைத்த பாட்டிலில் தொடங்கியது. வருகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். இன்று அங்கே பழங்காலக் கல்வரிசை, கற்குவை, இடிபாடு, சுவர் எதிலும் பெட்டி வைக்கக்கூடாது என்பது விதி. நம் பக்கம் அதைக் கல்மண்டபம், சுமைதாங்கி, நடுகல், சாமி பீடம் என்று படித்துக்கொள்ளுங்கள். அங்கே கல்லைப் புரட்டினால் ஊரார் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கடைசியாக, "கல்லை விலக்கு" என்ற வரி. கையால் விலக்காதீர்கள். சுருட்டைவிரியன் படுக்கிற இடமே அதுதான். கம்பால் முதலில் தட்டி, கல்லை உங்கள் பக்கம் புரட்டாமல் எதிர்ப்பக்கம் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம். ஷூ கட்டாயம். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது ஒன்றும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி.

மேலமடை:

திரும்பிப் பார்த்தால் 71 காட்டிய ஒரு பனை, அடியில் பாளைக்கதிர். இரட்டைத் தப்படிதான். பெட்டி கிடைத்தது, நன்றி. ஆனால் உள்ளே நிலைமை மோசம். ரப்பர் முத்திரை டப்பாவோடு ஒட்டிக் கிடக்கிறது. நோட்டில் மை எதிர்ப்பக்கத்துக்கு ஊறியிருக்கிறது. வெளியே பாதி கறையான் மண். வைத்தவர் சரிசெய்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஒத்தையடி:

முத்திரை அழிரப்பரில் செதுக்கியது என்றால் அது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை இளக வைக்கச் சேர்க்கும் எண்ணெய் நம் வெயிலில் கசிந்து சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டிவிடும். பிய்க்காதீர்கள், செதுக்கிய கோடு போய்விடும். டப்பாவை முத்திரையைச் சுற்றி அறுத்தெடுத்து, ஒட்டிய துண்டை முதுகுப் பக்கமே விட்டுவிடுங்கள், பிடியாக இருக்கும். ஒட்டியது செதுக்கிய முகம் என்றால் புதிதாகச் செதுக்குவதே மேல். இனிமேல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் பதியட்டும், நடுவில் பட்டர் பேப்பர். சாதாரண ஸ்டாம்ப் பேட் மை மெதுவாகத்தான் காயும், பதித்ததும் மூடினால் ஊறத்தான் செய்யும். பெயரும் தேதியும் பென்சிலில்.

நாலு பக்கமும் பூட்டுகிற, ரப்பர் வளையம் உள்ள டப்பா வேண்டும். ஊறுகாய், முறுக்கு போட்டது வேண்டாம். வாசனை போகாது, குரங்கும் பன்றியும் விடாது. வைப்பதற்கு முன் உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு, மேலே கல் வைத்து, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கிப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் வளையத்தில் ஒரு மணல் துகள் இருக்கும், துடைத்துவிட்டு மறுபடி.

கறையானுக்கு, பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு சின்னக் கல்மேல் தூக்கி வைத்தால் போதும். குழி தோண்ட வேண்டாம்.

ஊசிமுனை:

டப்பா உள்ள இருக்கது தெரியிற மாதிரி கண்ணாடி நிறத்துல இருக்கட்டும். மேல "இது விளையாட்டுப் பெட்டி, பார்த்துட்டு அப்படியே வைக்கவும்"-னு எழுதி ஒட்டுங்க. மாடு மேய்க்கிறவங்க கண்ணுல கறுப்பு டப்பா பட்டா வம்பு. அப்புறம் துபாய்க்காரர்கிட்ட சொல்லி "ஷட்டர் கம்பியடியில்"-ங்கிறதை "ஷட்டரிலிருந்து கரைமேல் கிழக்கே பத்து மீட்டர் தள்ளி"-ன்னு மாத்தச் சொல்லுங்க. எண்ணை அங்க நின்னு புதுசா அளந்துதான் போடணும்.