குறைந்த செலவில் கிளப் படங்கள்: ஃப்ளாஷ் வாங்குவதா, லென்ஸ் வாங்குவதா?

புதுவிழி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது கேனான் 1500டி, அதனுடன் வந்த 18-55 லென்ஸ். டிஜேவாக இருக்கும் நண்பன், கிளப்பில் தான் இசைக்கும் இரவுகளைப் படமெடுத்துத் தரச் சொல்கிறான். சம்பளம் கிடையாது, உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான்.

ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 6400 வரை போனாலும் ஆடுபவர்கள் கலங்கிப்போகிறார்கள். முகமெல்லாம் ஒரே நீலம், இல்லையென்றால் ஒரே சிவப்பு. கேமராவிலேயே உள்ள ஃப்ளாஷைத் திறந்தால் முகம் வெளுத்துப் பின்னால் கும்மிருட்டு. கிளப்பில் எடுத்ததா, மின்வெட்டில் எடுத்ததா என்று நண்பனே கேட்கிறான்.

கையில் உள்ள பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸா, வெளிச்ச அளவைக் கையால் வைக்கும் மலிவான மேனுவல் ஃப்ளாஷா? கோடாக்ஸ் டிடி600 போதும் என்று ஒருவர் சொன்னார். கூடவே அந்த வெள்ளை டிஃப்யூசர் மூடியும் வேண்டுமா?

கருங்கூரை:

முதலில் அவசரமான விஷயம்: டிடி600-ஐ வாங்கிவிடாதீர்கள். நல்ல ஃப்ளாஷ்தான், ஆனால் உங்கள் கேமராவில் அடிக்காது. 1500டியின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். ஃப்ளாஷை அடிக்கச் சொல்லும், நடுவில் இருக்க வேண்டிய பெரிய உலோகப் புள்ளி இருக்காது. 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றிலும் கேனான் அதை எடுத்துவிட்டது. அந்த ஒரு புள்ளியை மட்டும் நம்பும் மேனுவல் ஃப்ளாஷ் எதுவும் உங்களுக்கு உதவாது. ஈ-டிடிஎல் (கேனானின் தானியங்கி ஃப்ளாஷ் அளவு முறை) உள்ள, கேனானுக்கு உரிய ஃப்ளாஷ்தான் வேண்டும். பணம் இடிக்கிறது என்றால், யாரோ பயன்படுத்தி விற்கும் கேனான் 430இஎக்ஸ் 2 ஃப்ளாஷ் போதும்.

50 மி.மீ. லென்ஸ் இந்த வேலைக்கு வேண்டாம். உங்கள் கேமராவின் சென்சாரில் அது 80 மி.மீ. போலப் பார்க்கும். நெரிசலில் பின்னால் நகர இடம் ஏது? எஃப்/1.8 என்ற அகன்ற லென்ஸ் திறப்பில் மூக்கு தெளிந்தால் காது கலங்கும். அதற்கு மேல், இருட்டில் ஆட்டோஃபோகஸ் போடும் ஆட்டம் தனி.

கிளப்பில் ஒரு வசதியை யாரும் கவனிப்பதில்லை: தூரம் மாறுவதே இல்லை. நடனத் தளத்தில் நீங்கள் எடுக்கும் ஆள் எப்போதும் இரண்டு எட்டில் இருக்கிறார். தூரம் மாறாதபோது தானியங்கி வசதிகளை ஏன் நம்பியிருக்க வேண்டும்? லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து, திறப்பை எஃப்/5.6 ஆக்கி, 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்து, பக்கவாட்டில் உள்ள பொத்தானை 'எம்எஃப்' (மேனுவல் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிடுங்கள். சுமார் 1.2 மீட்டரிலிருந்து 5.8 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கேமரா இருட்டில் தேடி அலையாது. பொத்தானை அழுத்திய நொடியில் படம் விழும்.

வெளிச்சத்துக்கும் அதே கணக்குதான். 430இஎக்ஸ் 2-இன் கைடு நம்பர் (ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் எண்), 24 மி.மீ. நிலையில் ஐஎஸ்ஓ 100-க்கு 25. ஐஎஸ்ஓ 800-இல் அது ஏறத்தாழ 70. அதை 5.6 ஆல் வகுத்தால் சுமார் 12.5 மீட்டர் வரை எட்டும். உங்களுக்கு வேண்டியதோ 2 மீட்டர். ஆகவே மேனுவலில் 1/32 திறன் போதும். பேட்டரி இரவு முழுவதும் தாங்கும், அடுத்த மின்னலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

பின்னணி கறுத்ததற்குக் காரணம் ஃப்ளாஷ் இல்லை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஆட்டோ முறையில் கேமரா ஷட்டரை 1/60 நொடிக்கு மேல் திறந்துவைக்கத் தயங்கும். கிளப் விளக்குகள் பதிய அது போதாது. ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வந்து போய்விடுவதால், ஷட்டர் 1/200 ஆனாலும் 1/10 ஆனாலும் முகத்தில் அதன் அளவு மாறாது. மாறுவது பின்னணி மட்டும்தான். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் 'எம்' முறையில் 1/10 நொடி வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் முகத்தை உறைய வைக்கும். மீதி நேரத்தில் விளக்குகள் கோடுகளாக வழியும். படம் விழும்போது கேமராவை லேசாகத் திருகினால் கோடுகள் சுழலும். இதை எல்லாப் படத்திலும் செய்யாதீர்கள், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

டிஃப்யூசர் மூடி வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கும். சுவரில் பட்டுத் திரும்பினால்தான் அதனால் பயன். கிளப்பின் சுவரும் கூரையும் கறுப்பு. திரும்பி வருவது ஒன்றுமில்லை.

இரண்டாம்திரை:

முந்தைய பதிலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. ஷட்டரில் திறக்க ஒரு திரை, மூட இன்னொரு திரை. அந்த இரண்டாம் திரை மூடுவதற்குச் சற்று முன் ஃப்ளாஷ் அடிக்கும்படி மெனுவில் மாற்றுங்கள். அப்போதுதான் ஒளிக்கோடுகள் ஆளுக்குப் பின்னால் வாலாக நீளும். முதல் திரை திறந்ததுமே அடித்தால் கோடு முன்னால் ஓடும், ஆள் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும்.

கருங்கூரை:

சாலையில் போகும் காருக்கு அது சரி. நின்ற இடத்தில் குதிப்பவருக்கு முன்னேது, பின்னேது? நான் முதல் திரையையே விரும்புவேன். சிரிப்பைப் பார்த்து அழுத்துகிறீர்கள், அதே சிரிப்பு பதிகிறது. இரண்டாம் திரையில் அடுத்த பத்தில் ஒரு நொடியில் அவர் என்ன முகம் காட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? அதோடு ஈ-டிடிஎல்லில் அளவு பார்க்க ஒரு முன்மின்னல் வேறு வரும். ஷட்டரை இன்னும் மெதுவாக்கினால், அதைக் கண்டே படம் முடிந்தது என்று திரும்பிவிடுவார்கள்.

ஈயப்பற்று:

ஃப்ளாஷ் பழுதுபார்ப்பதே என் வேலை, அதனால் வாங்கும் பக்கத்தைச் சொல்கிறேன். பேட்டரி அறையைத் திறந்து சுருள்கம்பிகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். ஃப்ளாஷ் தலையின் ஜூமை 24-லிருந்து 105 வரை ஓட்டிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மோட்டார் கரகரத்தால் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். முழுத் திறனில் தொடர்ந்து சில முறை அடித்து, தயார் விளக்கு எத்தனை நேரத்தில் மறுபடி எரிகிறது என்று கவனியுங்கள். நெடுநாள் சும்மா கிடந்த ஃப்ளாஷ் முதலில் தடுமாறும், சில மின்னல்களுக்குப் பிறகு சரியாகிவிடும். சரியாகாவிட்டால், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் போய்விட்டது என்று பொருள்.

நீங்களே திருகைக் கழற்றாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம். ஃபிலிம் காலத்துப் பழைய ஃப்ளாஷ்களும் வேண்டாம். சிலவற்றில் கேமராவைத் தொடும் டிரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். உங்கள் கேமராவில் அவை அடிக்கவும் செய்யாது.

எனலூப் போன்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் நான்கு, மாற்றுக்கு இன்னொரு நான்கு. 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். சாதாரண ஆல்கலைனைவிட வேகமாக மின்சாரம் தரும்.

புதுவிழி:

எல்லோருக்கும் நன்றி. ஹாட் ஷூவைப் பார்த்தேன், நடுப்புள்ளி இல்லவே இல்லை! ஒரு சந்தேகம்: ஃப்ளாஷ் கைக்கு வருவதற்குள் அடுத்த நிகழ்ச்சி வந்துவிடும் போலிருக்கிறது. கேமராவில் இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா? அங்கே புகை இயந்திரமும் லேசரும் உண்டு.

கருங்கூரை:

தாராளமாக. அதன் கைடு நம்பர் 9.2தான், ஆனால் ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6-இல் சுமார் 4.6 மீட்டர் எட்டும். உங்களுக்கு 2 போதுமே. மெனுவில் ஃப்ளாஷ் அளவை ஒரு படி குறைத்துவையுங்கள், முகம் வெளுக்காது. லென்ஸ் முகப்பில் ஹுட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், 18 மி.மீ.-இல் படத்தின் அடியில் நிழல் விழும். தொடர்ந்து அடித்தால் சூடாகி ஓய்வெடுக்கும். கேமரா பேட்டரியைத்தான் தின்னும் என்பதால் இன்னொரு பேட்டரி இருந்தால் நல்லது.

புகை எழும்போது எடுக்காதீர்கள். ஃப்ளாஷ் லென்ஸுக்கு அருகில் இருப்பதால் முன்னால் உள்ள புகைதான் முதலில் வெளுக்கும். 430 வந்தபின், அதைக் கேமராவோடு இணைக்கும் ஒரு சுருள் டிடிஎல் கேபிள் வாங்கி, ஃப்ளாஷை இடது கையில் தூக்கிப் பிடியுங்கள். டிஃப்யூசருக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவிடுங்கள். புகையும் குறையும், முகத்துக்கும் வடிவம் வரும்.

லேசர் கற்றை உங்களை நோக்கி வந்தால் லென்ஸைத் திருப்பிவிடுங்கள். ஒரு வீச்சிலேயே சென்சாரில் நிரந்தரக் கோடு விழுந்துவிடலாம். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் சென்சார் முழு நேரமும் திறந்தே இருப்பதால் அதை அணைத்துவிடுங்கள்.

கோப்புகளை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும்) வடிவில் சேமியுங்கள். நண்பனிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: பாட்டு மாற்றும் நேரத்தில் இருட்டில் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்கும் டிஜேயின் கண்ணில் ஃப்ளாஷ் அடித்தால், அடுத்த முறை உள்ளே விட மாட்டார்கள்.