பேஸ்மேக்கருக்கு என்ன சொல்? வியாழனுக்குள் வேண்டும்

அன்பர்களே,

இதயத் துடிப்பு தவறாமல் காக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துக்கொண்டவர்களிடம் கொடுத்தனுப்பும் எட்டுப் பக்கச் சிறுநூலைத் தமிழாக்குகிறேன். வியாழன் அச்சுக்குப் போகிறது. இதுவரை "இதயமுடுக்கி" என்றே எழுதியிருந்தேன். நேற்று ஒரு பெரியவரிடம் படிக்கக் கொடுத்தேன். இடது காறை எலும்புக்குக் கீழே புடைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "முடுக்கி விட்டா ஓடிக்கிட்டே இருக்குமாம்மா? ராத்திரியிலகூட நிக்காதா?" என்றார். அதோடு அந்தச் சொல்மேல் நம்பிக்கை போய்விட்டது. இதயத் துடிப்பின் தாளம் தவறுவதை அரித்மியா என்கிறார்களே, அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.
– செ.

---

செ. அம்மாவுக்கு,

பெரியவர் கேட்டது நியாயம். பள்ளி இயற்பியலில் முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம். இந்தக் கருவிக்கு அந்த வேலையே இல்லை. வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பைக் கிளப்பும். கணு சோர்ந்தாலோ, கீழறைக்குப் போகும் மின்வழி அடைபட்டாலோதான் கருவி தேவை. 60 என்று அமைத்தால் ஒரு நொடி காத்திருக்கும். இதயம் தானே துடித்துவிட்டால் சும்மா இருக்கும். துடிக்காவிட்டால் ஒரு தட்டு. "துடிப்பூக்கி" சரியாக வரும்.
– ம.

---

> துடிப்பூக்கி சரியாக வரும்

வராது ஐயா. ஊக்கி என்றதும் வினையூக்கி நினைவுக்கு வரும், அதுவும் வேகப்படுத்துவதுதானே? துடிப்புக்கு வேர் துடி. இடை சிறுத்த பறை, பாலைக்குரியது. பறையின் பெயரிலிருந்து வினை வந்ததா, வினையிலிருந்து பறைக்குப் பெயர் வந்ததா என்று பிறகு தனி மடல் எழுதுகிறேன். "துடியன் பாணன் பறையன் கடம்பன்" என்று புறநானூறு 335 சொல்கிறதே, அந்தத் துடியனையே எடுத்துக்கொள்வோம். அரித்மியாவுக்குத் "தளைதட்டல்". வெண்பா எழுதியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.
– வே.

---

வே. ஐயா, வெண்பா எழுதியவர்கள் என் வார்டில் யாரும் இல்லை. தளை என்றால் கைவிலங்கு என்பார்கள். அங்கே "பேட்டரி வெச்சவங்க" என்றுதான் பேச்சு.

அரித்மியா எல்லாம் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். சிலருக்குத் துடிப்பு மெதுவாகும். சிலருக்கு இடையில் ஒன்று விட்டுப்போகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் தாளமே கிடையாது. நாடி பிடித்தால் அடுத்த தட்டு எப்போது என்று ஊகிக்கவே முடியாது. மேலறை நடுங்கிக்கொண்டே இருப்பதால் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் பலருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறோம். பேட்டரி வைத்தாயிற்றே என்று அதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சொல் எதுவானாலும் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.
– டாக்டர் ப.

---

ஈழத்துப் பாடநூல்களில் மேலறைக்குச் சோணையறை என்று அழகான சொல் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். அப்புறம், நம் நாடி வைத்தியர்கள் அன்னநடை, ஆமைநடை, தவளைநடை என்று நாடியின் நடையைப் பிரித்தார்களே. "நடைபிறழ்வு" ஆகாதா?
– இ.

---

நடத்தை கெட்டவர் என்று படிப்பார்கள்!

ஒன்று கேட்கிறேன். உடலுக்குள் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் வைத்தது 1958இல், ஸ்வீடனில். ஆர்னே லார்சனுக்கு வைத்த அந்தக் கருவி சில மணிநேரமே உழைத்தது. அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றி, மொத்தம் 26 கருவிகளோடு 2001 வரை, 86 வயது மட்டும் வாழ்ந்தார். அந்த ஸ்வீடிஷ்காரர்களே தங்கள் மொழியில் பேஸ்மேக்கர் என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?
– ம.

---

"வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை விலக்கி, என்ற மரபில் வந்தவர்கள் நாம். ஸ்வீடிஷ்காரனுக்குத் தொல்காப்பியம் இல்லை.
– வே.

---

அன்பர்களே,

நாளை அச்சு. பெரும்பாலோர் சொன்னபடி பேஸ்மேக்கர் என்றே போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் துடிப்பூக்கி. அரித்மியா "சீரற்ற துடிப்பு". கைபேசியைச் சட்டையின் இடது பையில் வைக்காதீர்கள், ஆறு அங்குலமாவது தள்ளி வையுங்கள் என்ற வரிக்குச் சிக்கலில்லை. எரியூட்டுமுன் கருவியை எடுத்துவிட வேண்டும், பேட்டரி வெடிக்கும் என்ற வரியைத்தான் நான்கு முறை மாற்றி எழுதிவிட்டேன். அந்தப் பெரியவரும் இதைப் படிப்பார். இன்றிரவுக்குள் யாராவது மென்மையாக எழுதித் தந்தால் நல்லது.
– செ.

---

"காலத்துக்குப் பின், தகனத்துக்கு முன், கருவியை அகற்ற மருத்துவரிடம் சொல்லுமாறு வீட்டாரிடம் கூறி வையுங்கள்." போதுமா அம்மா?

மற்றபடி, துடிப்பூக்கி என்றே அச்சானால் நன்றிப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.
– வே.