புதுப்பிப்பு: நாய்க்கான குரோஷே கோட், மார்பில் இறுக்கம், கழுத்தில் தளர்வு (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் நாய்க்குக் குரோஷேவில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) பின்னிய கோட் மார்பில் பிடிக்கிறது, கழுத்திலோ தொங்குகிறது என்று கேட்டிருந்தேன். இப்போது கச்சிதமாக இருக்கிறது.

பெரிய ஊசிக்கு மாறும் யோசனையில் மார்பு சரியானது, ஆனால் கழுத்து இன்னும் அகன்றது. பலன் தந்தது, வயிற்றுப் பகுதியைத் தனித் துண்டாகப் பின்னச் சொன்ன யோசனைதான். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பு அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு எடுத்து, அதோடு 4 செ.மீ. கூட்டினேன். வயிற்றுத் துண்டு முழுக்க ஒற்றைக் குரோஷே (அடிப்படையான குட்டைத் தையல்), பின் இழையில் மட்டும், அதாவது முந்தைய வரிசைத் தையலின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின்னால் இருப்பதில் மட்டும் ஊசியை நுழைத்து. வரிசைகள் கழுத்திலிருந்து வால் பக்கமாக ஓட வேண்டும், இது ரொம்ப முக்கியம். அப்போதுதான் துணி உடம்பைச் சுற்றி இழுபடும். குறுக்கே பின்னினால் நீளவாக்கில்தான் இழுபடும். கழுத்துப் பட்டையும் இதே தையல்தான், தலை நுழையும் அளவுக்கு விரிந்து பிறகு சுருங்கிக்கொள்கிறது.

ஆண் நாய் என்பதால் வயிற்றுத் துண்டின் நீளத்தைக் குறைத்து முன்னாலேயே முடித்துவிட்டேன், சிறுநீர் படுவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: கால் துளையைச் சுற்றி அழகுக்குப் போட்ட கரை அக்குளில் உரசி முடியைச் சிக்காக்கியது. கரையைப் பிரித்துத் துளையை ஒரு விரல் அகலம் பெரிதாக்கியதும் சரியாகிவிட்டது. நீண்ட முடி உள்ள நாய் என்றால் கோட்டைக் கழற்றும்போதெல்லாம் அந்த இடத்தைச் சீவிவிடுங்கள்.