மறு: மறு: கெரிஸ் அலகில் தெரியும் பாமோர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

விளக்கப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு கெரிஸுக்கு, அதாவது ஒரு மலாய்-ஜாவாக் குத்துவாளுக்கு, 40 சொல்தான் இடம். அதன் அலகில் தெரியும் வரியான பாமோருக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அதனால் வந்த மடல்களுக்கெல்லாம் ஒரே மடலில் பதில்.

> கோலம் என்றே வைத்துவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும் அக்கா, ஆனால் தப்பாகப் புரியும். கோலம் மேலே போடுவது. பாமோர் உள்ளிருந்து வருவது. சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடிக்கிறார்கள். அரத்தால் ராவும்போது அந்த அடுக்குகள்தான் வரிவரியாக வெளியே வருகின்றன.

ஜொகூரில் பக்கத்து வீட்டு பாக் சிக் (மலாய்க்காரப் பெரியவர்) தன் தாத்தாவின் கெரிஸுக்கு எலுமிச்சைச் சாறு தேய்த்ததை அருகே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் அலகு முழுக்க ஒரே சாம்பல் நிறம். சாறு ஊற ஊற இரும்பு மங்கிக் கறுத்தது. நிக்கல் மட்டும் கறுக்காமல் வெள்ளைத் திட்டுகளாக எழுந்து நின்றது, யாரோ அரிசியைச் சிந்தியது போல. ஜாவாவில் அந்த வகைக்குப் பெயரே பெராஸ் வுத்தா, சிந்திய அரிசி. உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தார். இதைக் கோலம் என்று எழுதினால், மேலே செதுக்கியது என்று நினைத்து வீட்டிலுள்ள பழைய கெரிஸை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். வரி போய்விடும்.

> பாமோர் என்றால் ஜாவா மொழியில் கலப்பு. ஆகவே 'கலவைவரி'.

வேர் சரிதான். ஆனால் கலவை என்றதும் சிமெண்டுதான் ஞாபகம் வரும்.

> சுரிகை (குத்துவாள்) என்பது 'சுரி' (சுருள்) என்ற வேரில் பிறந்தது. கெரிஸும் நம் 'கீறு'தான். எனவே 'சுரிவரி' என்க.

ஐயா, சுரிகை வடமொழி வழி வந்த சொல். அதை விட்டாலும், கெரிஸ் எல்லாம் நெளிந்தவை அல்ல. நேரான அலகுகளும் ஏராளம், அவற்றிலும் பாமோர் உண்டு. 'கீறு' பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

என் சொல் 'அறல்'. ஆற்றில் நீர் வடிந்தபின் கருமணலில் படிந்து கிடக்கும் வரி. பொருநராற்றுப்படையில் 'அறல்போற் கூந்தல்' என்று வருகிறதே, அது. கருமைக்குள் ஓடும் நெளிவு, யாரும் வரையாமல் தானே அமைந்தது. ஜாவாக் கொல்லர்களும் தானாக விழுந்த பாமோரை 'திபான்' என்றும் திட்டமிட்டு அமைத்ததை 'ரேகான்' என்றும் பிரிக்கிறார்கள். 'விழுந்த அறல்', 'அமைத்த அறல்' என்று எவ்வளவு எளிதாகப் பிரிக்கலாம் பாருங்கள்.

> அறல் என்றால் அறுதல் என்றும் பொருள். அலகில் விரிசல் என்று நினைப்பார்கள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியாது.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மடல்களில் வந்த இன்னொரு சொல்லான 'இரும்புவரி'க்கு ஐந்து பேர், அறலுக்கு என்னைச் சேர்த்து இரண்டு பேர். சரி, பலகையில் இரும்புவரியே போகட்டும். சொல்லடைவில் அறலையும் சேர்க்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாராங்கானுக்கு, அதாவது வரி தெளிவாகத் தெரிய அலகில் ஆர்சனிக் ஏற்றுவதற்கு, 'பாடாணம் ஏற்றுதல்' என்று வைத்திருக்கிறேன். இளநீரில் ஊறவைத்து, பூந்திக்கொட்டையும் எலுமிச்சையும் போட்டுத் துரு நீக்கிய பிறகு ஜாவாவில் செய்வது. 'வேதிப்பூச்சு' வேண்டாம், பாடாணம் என்றால்தான் விஷம் என்று தெரியும், வீட்டில் யாரும் முயல மாட்டார்கள்.

அப்புறம், மூன்றாவது பலகையில் அலகுக்கு 'எட்டு நெளிவு' என்று இருக்கிறது. நெளிவு எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். அடியிலிருந்து நுனிவரை இரு பக்கமும் மாறி மாறி எண்ணிப் பார்த்து, ஏழா ஒன்பதா என்று இன்றிரவே யாராவது சொல்லுங்கள்.